பத்தாம் வகுப்பு நவம்பரில் ஒரு கல்லூரி நாள்: பெங்களூரு அல்சூர் வட்டாரத்தை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கல்லூரியில் சேருமுன் ஒரு நாள் அங்கே போய்ப் பாடங்களைச் செய்து பார்க்கும் 'முன்னோட்ட நாள்' பற்றியது இது. பெங்களூருவில் பிள்ளைகள் கல்லூரிப் படியேறுவது பதினைந்து, பதினாறு வயதிலேயே. எஸ்.எஸ்.எல்.சி. முடிந்தால் பள்ளி முடிந்தது. அடுத்த இரண்டு ஆண்டு பி.யூ.சி. (தமிழ்நாட்டின் 11, 12ஆம் வகுப்புக்கு இணை); பெரும்பாலும் வேறு வளாகம், வேறு ஆசிரியர்கள், பல சமயம் வேறு பயிற்றுமொழி. சேர்க்கைப் படிவத்தில் 'காம்பினேஷன்' என்ற கட்டத்தில் நான்கு எழுத்து எழுத வேண்டும். பி.சி.எம்.பி. என்றால் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல். கடைசி எழுத்து சி ஆனால் கணினி அறிவியல், இ ஆனால் எலெக்ட்ரானிக்ஸ், எஸ் ஆனால் புள்ளியியல். வணிகத்தில் சி.இ.பி.ஏ., எஸ்.இ.பி.ஏ., எச்.இ.பி.ஏ.: பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியலோடு முறையே கணினி அறிவியல், புள்ளியியல், வரலாறு; கலையில் எச்.இ.பி.எஸ்.: வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல். மொழிப்பாடம் இரண்டு, விருப்பப் பாடம் நான்கு, மொத்தம் 600 மதிப்பெண்.

எந்த எழுத்தை விடுகிறோமோ அந்தப் பக்கத்துக் கதவு சாத்திக்கொள்ளும். உயிரியல் எடுக்காதவருக்கு நீட் வழி இல்லை. கணிதம் எடுக்காதவர் பொறியியலையும், மைசூர் சாலையில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பி.மேத். படிப்பையும் மறந்துவிடலாம். வணிகப் பிரிவில் கொடுக்கும் 'பேசிக் மேத்ஸ்' வேறு பாடம், 'மேத்தமேடிக்ஸ்' வேறு பாடம். பெயரில் கணக்கு இருக்கிறதே என்று நம்பி, டிகிரி சேர்க்கையில் முழிக்கும் பிள்ளைகள் உண்டு.

இவ்வளவு கனமான முடிவை எடுக்க வீட்டுக்குக் கிடைப்பது மே மாதத்தில் சில நாட்கள். முடிவு வெளியான மறுநாளே விண்ணப்பம் வாங்க வரிசை நிற்கும். 90 சதவீதத்துக்கு மேலா, சயின்ஸ். எழுபதுகளிலா, காமர்ஸ். அதற்கும் கீழா, ஆர்ட்ஸ் அல்லது ஐ.டி.ஐ. பாடத்தைப் பிள்ளை தேர்ந்தெடுப்பதில்லை. மதிப்பெண் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது. அந்த மதிப்பெண்ணோ பத்தாம் வகுப்புப் பாடத்தில் வாங்கியது. பி.யூ.சி. கணக்குப்பதிவியல் எப்படி இருக்கும் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் பத்தாம் வகுப்பு மாணவர் அந்தப் பாடத்தைத் தொட்டதே இல்லை.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் முன்னோட்ட நாள். 'டேஸ்டர் டே' என்ற பெயரில் இங்கிலாந்துக் கல்லூரிகளில் இது வழக்கமான ஏற்பாடு. அங்கேயும் 16 வயதில் ஜி.சி.எஸ்.இ. என்ற பொதுத்தேர்வை முடித்துவிட்டு, பள்ளியின் ஆறாம் படிவமா (பள்ளியிலேயே மேலும் இரண்டு ஆண்டு), தொழில் சார்ந்த கல்லூரியா, தொழில் பழகுநர் வேலையா என்று பிரிய வேண்டும். 2014இல் பள்ளிகளின் தொழில்வழிகாட்டலுக்குச் சர் ஜான் ஹோல்மன் வகுத்த எட்டு கேட்ஸ்பி அளவுகோல்களில் ஏழாவது, மேற்படிப்பு நிறுவனங்களோடு மாணவருக்கு நேரடிப் பழக்கம் வேண்டும் என்கிறது. 2022இன் சட்டத்துக்குப் பிறகு, 8ஆம் ஆண்டு முதல் 13ஆம் ஆண்டு வரை (12 முதல் 18 வயது) தொழிற்கல்வி தருவோரை ஆறு முறையாவது மாணவர் சந்திக்கப் பள்ளி ஏற்பாடு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளி மாணவரைக் கல்லூரிக் களப்பயணம் அழைத்துப்போகிறார்கள். ஆனால் அது 12ஆம் வகுப்புக்கு. பிரிவை அதற்கு முன்பே தேர்ந்தெடுத்தாகிவிட்டது. கர்நாடகத்தில் அந்த வயதுவரை காத்திருந்தால் விடை எழுதி முடித்தபின் கேள்வித்தாள் கொடுப்பது போலத்தான்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிலை

இங்கே விவரிப்பது ஒரு மாதிரி நாள். ஏதோ ஒரு பள்ளியில், ஏதோ ஒரு தேதியில் நடந்ததன் அறிக்கை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அல்சூர், மர்பி டவுன், சிவாஜிநகர், காக்ஸ் டவுன் பக்கத்துப் பள்ளிகளில் இருந்து தமிழ் வீட்டுப் பிள்ளைகள் அறுபது பேர், நடந்தோ ஒரே பேருந்திலோ போகக்கூடிய தூரத்தில் ஒரு பி.யூ. கல்லூரி. வயரிங் பட்டறைக்கு, பக்கத்தில் உள்ள ஒரு பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ ஒத்துழைக்கிறது. இந்த வட்டாரப் பிள்ளைகளில் வீட்டில் தமிழ், தெருவில் தமிழும் கன்னடமும் உருதுவும், வகுப்பில் ஆங்கிலமோ கன்னடமோ என்று இருப்பவர்களே அதிகம். பெற்றோரில் ஆட்டோ ஓட்டுவோர், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போவோர், வீட்டு வேலை செய்வோர், சிறு கடை வைத்திருப்போர் என எல்லோரும் உண்டு. 'காலேஜ்' என்ற கட்டடத்துக்குள் வீட்டில் முதல் ஆளாக நுழையப் போகும் பிள்ளைகள் கணிசமானவர்கள்.

ஏன் நவம்பர்

இரண்டு நாட்காட்டியை அருகருகே வைத்துப் பார்த்தால் தெரியும். பள்ளியில் தசரா விடுமுறை முடிந்து, டிசம்பர் கடைசிவரை ஓரளவு மூச்சு விடலாம். ஜனவரி வந்தால் ப்ரிப்பரேட்டரி என்ற ஒத்திகைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. தலைமையாசிரியர் ஒரு பீரியடைக்கூட விடமாட்டார். கல்லூரியில் ஜனவரி தொடங்கி இரண்டாம் பி.யூ. செய்முறைத் தேர்வுக்கு ஆய்வகங்களைத் தயார் செய்வார்கள். இருவருக்கும் பொருந்துவது நவம்பர் இரண்டாம் பாதியும் டிசம்பர் முதல் பாதியும். நவம்பர் 1 ராஜ்யோத்சவமும் (கர்நாடக மாநில நாள்) 14 குழந்தைகள் தினமும் பள்ளியில் ஆட்டம் பாட்டத்துக்குப் போய்விடும். ஆகவே மூன்றாம் அல்லது நான்காம் சனிக்கிழமை.

இன்னொரு காரணம் கல்லூரிப் பக்கத்தில் இருக்கிறது. ஜூன் மாதம் சேர்ந்த முதல் பி.யூ. மாணவர்கள் நவம்பரில் ஐந்தாறு மாதம் படித்திருப்பார்கள். புதுசு என்ற மயக்கம் தெளிந்திருக்கும், எது கசக்கிறது என்று தெரிந்திருக்கும், ஆனால் பத்தாம் வகுப்பு எப்படி இருந்தது என்பது இன்னும் மறந்திருக்காது. அன்று பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணையாக நிற்க இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. கல்லூரி நிர்வாகம் கைகாட்டுவது இரண்டாம் பி.யூ. டாப்பரைத்தான். டாப்பரைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை 'நமக்கு இது ஆகாது' என்று நினைக்குமே தவிர, பாடத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாது.

நாள் எப்படி ஓடுகிறது

8.45க்கு வருகை. 9 மணிக்கு வரவேற்பு, பத்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம் கூடாது. 9.15 முதல் 45 நிமிடம் வீதம் நான்கு அமர்வு. இடையில் அறை மாறப் பத்து நிமிடம், இரண்டாவதுக்குப் பின் இருபது நிமிட இடைவேளை. 12.55க்குச் சாப்பாடு. 1.40க்கு முதல் பி.யூ. மாணவர்களோடு பேச்சு, 2.20க்கு முடிவு. இருட்டுவதற்குள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். பெண்பிள்ளைகளை அனுப்பப் பல வீடுகள் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

ஆறு அறைகள்: இயற்பியல், உயிரியல், கணக்குப்பதிவியல், வரலாறு, கணினி, வயரிங் பட்டறை. அறைக்குப் பத்துப் பேர், எப்படிப் போனாலும் பன்னிரண்டுக்கு மேல் விடக்கூடாது. அதைத் தாண்டினால் நான்கு பேர் செய்வார்கள், மீதிப்பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஒவ்வொருவரும் நான்கு அறைக்குப் போக வேண்டும்: இரண்டு அவரவர் விருப்பம், இரண்டு ஆசிரியர் ஒதுக்குவது. ஒதுக்கும் இரண்டில் ஒன்றாவது அந்தப் பிள்ளை எழுதிக்கொடுத்த பிரிவுக்கு வெளியே இருக்க வேண்டும். சயின்ஸ் என்று எழுதியவர் வரலாற்றுக்கோ கணக்குப்பதிவியலுக்கோ போயாக வேண்டும். இந்த விதியை விட்டுக்கொடுத்தால் தோழிகள் நால்வர் கைகோத்துக்கொண்டு நான்கு அறைக்கும் சேர்ந்தே போய்வருவார்கள்.

ஒதுக்கீட்டுப் பட்டியலை முன்தினமே தாளில் அச்சடித்து ஒவ்வொரு பிள்ளையின் அடையாள அட்டைக்குப் பின்னால் ஒட்டிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் காலையில் அறுபது பேர் அறை எண் தேடி அலைவார்கள். பத்தாம் வகுப்பில் எல்லோரிடமும் கைப்பேசி இருப்பதும் இல்லை. 15 பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி ஆசிரியர், பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம், முதலுதவிப் பெட்டி. அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ ஆனால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு தகவல் கடிதம். இவை எல்லோருக்கும் தெரிந்தவை.

அறைக்குள்

அன்று காட்ட வேண்டியது அந்தப் பாடத்தின் அன்றாட வேலையை. சோடா உப்பில் வினிகர் ஊற்றிப் பொங்கவிடுவதும், உலர்பனியில் புகை கிளப்புவதும் கைதட்டல் வாங்கும், பி.யூ.சி. வேதியியலில் பிள்ளை செலவிடப்போகும் நேரத்தோடு அவற்றுக்குத் தொடர்பே இல்லை. இந்திய அறிவியல் கழகம் ஆண்டுதோறும் நடத்தும் திறந்த நாள் அருமையானது, கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டியது. அது பசியைத் தூண்டும். எதைச் சாப்பிடுவது என்று முடிவுசெய்ய அது உதவாது.

இயற்பியல் அறையில் ஆறு வெர்னியர் காலிப்பர், ஆறு உலோக உருளை. இருவருக்கு ஒன்று. முதன்மை அளவுகோலில் 1 மி.மீ. பிரிவுகள், வெர்னியரின் 10 பிரிவு 9 மி.மீ.க்குச் சமம், ஆக மீச்சிற்றளவு (அளக்க முடிந்த மிகச் சிறிய நீளம்) 0.01 செ.மீ. முதலில் சுழிப் பிழை பார்க்க வேண்டும். பிறகு விட்டத்தை ஐந்து இடத்தில் அளந்து, அட்டவணை போட்டு, சராசரி எடுத்து, கன அளவு கணக்கிட வேண்டும். ஐந்தாவது அளவீட்டில் பாதிப் பிள்ளைகள் அளக்காமலே நான்காவதைப் பார்த்து எழுதிவிடுவார்கள். அங்கேதான் ஆசிரியர் நிறுத்திக் கேட்க வேண்டும்: 2 செ.மீ. விட்டத்தில் 0.01 செ.மீ. பிசகினால் அரை சதவீதம். விட்டம் இருமடியாக வருவதால் கன அளவில் அது ஒரு சதவீதம் ஆகிறது, இப்போது அந்த ஐந்தாவது எண்ணை என்ன செய்வாய்? இந்தக் கேள்வி யாரை உறுத்துகிறதோ அவருக்கு இயற்பியல் ஒத்துவரும். ராக்கெட்டைப் பார்த்து இயற்பியல் கேட்டவருக்கு, ரெக்கார்டு நோட்டும் அட்டவணையும் இப்படித்தான் இருக்கும் என்று இப்போதே தெரிவது நல்லது.

உயிரியலுக்குக் கத்தரிப்பூ. தவளையை அறுக்கும் காலம் போய்விட்டது. இருவருக்கு ஒரு பூ, நான்கு அமர்வுக்கு 24, வாடியதும் உதிர்ந்ததும் போக 30 வேண்டும். கத்தரிப்பூ கடையில் விற்காது. ஆகஸ்ட் கடைசியில் கல்லூரித் தோட்டத்தில் இருபது நாற்று நட்டு வைத்தால் நவம்பரில் கிடைக்கும். மறந்துவிட்டால் செம்பருத்தி இருக்கவே இருக்கிறது, ஆனால் மகரந்தத்தாள்கள் குழாயாக ஒட்டியிருப்பதால் முதல்முறை பிரிப்பவர்களுக்குச் சிரமம். கத்தரியில் புல்லி ஐந்து, அல்லி ஐந்து, அல்லியோடு ஒட்டிய மகரந்தத்தாள் ஐந்து, மேல்மட்டச் சூலகம். எண்ணினால் கைக்குக் கிடைக்கும். பிரித்து, எண்ணி, சூலகத்தைக் குறுக்கே வெட்டி, படம் வரைந்து, பாகங்களின் பெயரை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். வெட்டுவதை மட்டும் ஆசிரியரே செய்துகொடுப்பது நல்லது; பிளேடும் பதினைந்து வயதும் ஓர் அறையில் வேண்டாம். 'டாக்டர் ஆகணும்' என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களில் சிலர் பெயர்களின் நீளத்தைப் பார்த்தே தயங்குவார்கள். வேறு சிலர், வரைவதில் இவ்வளவு நேரம் போனதே தெரியவில்லை என்பார்கள். இரண்டும் பயனுள்ள தகவல்.

கணக்குப்பதிவியல் அறைதான் பெரும்பாலும் ஆச்சரியம் தருவது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம். மளிகைக் கடை ஒன்றின் எட்டு நடவடிக்கைகள் தாளில் தரப்படும்: 50,000 ரூபாயோடு தொழில் தொடக்கம்; ரொக்கத்துக்குச் சரக்கு 12,000; கடனுக்குச் சரக்கு 8,000; ரொக்க விற்பனை 9,500; கடன் விற்பனை 3,000; வாடகை 4,000; உரிமையாளர் வீட்டுச் செலவுக்கு எடுத்தது 1,000; சரக்குக் கடனில் திருப்பிக் கொடுத்தது 5,000. முதல் பத்து நிமிடம் டெபிட், கிரெடிட் விளக்கம். அடுத்த இருபத்தைந்து நிமிடம் ஜர்னலும் (குறிப்பேடு) லெட்ஜரும் (பேரேடு), முன்பே கோடு போட்ட தாளில். கடைசிப் பத்து நிமிடம் டிரையல் பேலன்ஸ், அதாவது இரண்டு பக்கக் கூட்டலும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது. சரியாக வந்தால் இரண்டு பக்கமும் 65,500: டெபிட் பக்கம் ரொக்கம் 37,500, கொள்முதல் 20,000, கடனாளி 3,000, வாடகை 4,000, எடுப்பு 1,000, கிரெடிட் பக்கம் மூலதனம் 50,000, விற்பனை 12,500, கடனீந்தோர் 3,000.

முதல் முறையில் பெரும்பாலானோருக்கு வராது. வழக்கமான தவறு, உரிமையாளர் எடுத்த 1,000 ரூபாயைக் கிரெடிட் பக்கம் எழுதுவது. அப்போது 64,500க்கும் 66,500க்கும் நடுவே 2,000 வித்தியாசம் நிற்கும். ஆசிரியர் விடையைச் சொல்லக் கூடாது. 'வித்தியாசத்தைப் பாதியாக்கு, அந்தத் தொகை எங்கே இருக்கிறது என்று பார்' என்று மட்டும் சொல்ல வேண்டும். பாதி 1,000. தாளில் 1,000 ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தைப் பள்ளி ஆசிரியர் கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கணக்கில் 60 வாங்கியதால் 'உனக்கு கணக்கு வராது' என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகள் இந்த அறையில் தேடித்தேடிச் சரிபார்ப்பது உண்டு. தலைகீழாகவும் நடக்கும்: கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்குபவர், இங்கே நிரூபிக்க ஒன்றுமில்லையே என்று சலித்துப்போவார். காமர்ஸ் என்பது மதிப்பெண் குறைந்தால் விழும் தட்டு என்ற எண்ணம் உடைவதற்கு எந்தச் சொற்பொழிவையும்விட இந்த 2,000 ரூபாய் உதவும்.

வரலாற்று அறைக்குப் பொருள் தேடிப் போக வேண்டியதில்லை. அல்சூரில் ஏன் தமிழ் பேசுகிறார்கள் என்பதே கேள்வி. 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த ஆங்கிலேயப் படை, 1809இல் பெங்களூருக்கு மாறிக் கன்டோன்மென்ட் உருவானது. சென்னை மாகாணத்தில் இருந்து சிப்பாய்களும் ஒப்பந்தக்காரர்களும் கூலியாட்களும் வந்தார்கள். பழைய ஊரான பேட்டையும் கன்டோன்மென்ட்டும் தனித்தனி நிர்வாகமாக இருந்து 1949இல்தான் ஒரே மாநகராட்சி ஆயின. இதைச் சொல்லிக்கொடுத்தால் அது பாடம் நடத்துவது. செய்ய வேண்டியது வேறு: ஒரு பழைய வரைபடம், ஒரு இன்றைய வரைபடம், தெருப் பெயர்ப் பட்டியல் ஒன்று கொடுத்து, 'இந்த மூன்றை மட்டும் வைத்து எதை நிச்சயமாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்ல வேண்டும். மனப்பாடத்துக்குப் பழகியவர்கள் திணறுவார்கள். ஆர்ட்ஸ் எளிது என்று வந்தவர்களுக்கு அந்த ஒரு பக்கமே போதும்.

வயரிங் பட்டறையில் மாடிப்படி விளக்கு: இரண்டு டூ-வே சுவிட்ச், ஒரு விளக்கு, கீழே போட்டால் மேலே அணைக்க வேண்டும். ஆறு பலகை, 12 வோல்ட் சப்ளை, எல்.இ.டி. பல்பு, வீட்டு மின்சாரத்தை அன்று பட்டறைப் பக்கமே கொண்டுவரக் கூடாது. பொதுவான தவறு, சுவிட்சின் காமன் முனையை வேறொரு முனையோடு மாற்றி இணைப்பது. அப்போது ஒரு சுவிட்ச் குறிப்பிட்ட நிலையில் இருக்கும்போது மட்டும் மற்றது வேலை செய்யும். பிழையைக் கண்டுபிடிக்கத் தாளில் நான்கு நிலைகளையும் எழுதிப் பார்க்கத்தான் வேண்டும்; ஸ்க்ரூடிரைவர் வேலையிலும் இந்தளவு தர்க்கம் உண்டு என்பது அங்கே புரியும். எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோ முடித்து, டி.சி.இ.டி. (டிப்ளமோ படித்தவர்களுக்கான நுழைவுத்தேர்வு) எழுதி, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதைப் பட்டறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். பல வீடுகளில் இது தெரியாது. தெரிந்த வீடுகளிலும், டிப்ளமோ என்றால் படிப்பு வராதவர் போகிற இடம் என்ற நினைப்பு இருக்கிறது.

கணினி அறையில் கணினியைத் தொடவே விடாமல், பத்து வரி நிரலைத் தாளில் படிப்படியாக ஓட்டி, ஒவ்வொரு மாறியின் மதிப்பையும் அட்டவணையில் எழுதச் சொன்னால் போதும்.

அக்கா, அண்ணா நேரம்

சாப்பாட்டுக்குப் பின் நாற்பது நிமிடம். ஐந்து பேருக்கு ஒரு முதல் பி.யூ. மாணவர். விரிவுரையாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் அறையில் இருக்கக் கூடாது, வராந்தாவில் நிற்கலாம். கேள்வி எழாமல் போகும் என்று பயந்து, ஒரு அட்டையில் மூன்று கேள்வி எழுதிக் கொடுக்க வேண்டும்: எந்தப் பாடம் நினைத்ததற்கு மாறாக இருந்தது? வாரத்தில் எத்தனை மணி நேரம் டியூஷன்? மறுபடி எழுதச் சொன்னால் அதே நான்கு எழுத்தையா எழுதுவீர்கள்?

பதில்கள் இந்த மாதிரி வரும்: "கெமிஸ்ட்ரிதான்டா. பத்தாவதுல சயின்ஸ்ல தொண்ணூறுக்கு மேல. இங்க வந்து முதல் டெஸ்ட்ல பாஸ் மார்க்கே வரல. இப்பதான் கொஞ்சம் பிடிபடுது." எந்த விளம்பரத் தாளிலும் இது அச்சாகாது. மொழி விஷயமும் இங்கேதான் வெளியே வரும். கன்னட வழியில் படித்துவிட்டு சயின்ஸ் சேர்ந்த அண்ணன், முதல் மூன்று மாதம் பாடம் புரிந்தும் எழுத வராமல் தவித்ததைச் சொல்வார். அதனால் காலை அமர்வுகளிலேயே ஒவ்வொரு அறையிலும் இருபது கலைச்சொற்கள் கொண்ட தாள் ஒன்று, ஆங்கிலம், கன்னடம், தமிழ் மூன்றிலும், தர வேண்டும். இல்லாவிட்டால் ஆங்கிலவழிப் பிள்ளைகள் மட்டும் வாயைத் திறப்பார்கள். மற்றவர்கள் பாடம் பிடிக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போவார்கள். உண்மையில் பிடிக்காமல் போனது மொழிதான்.

தமிழைப் பற்றியும் கேட்டு வைக்க வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி.யில் தமிழை முதல் மொழியாகப் படித்தவர், பி.யூ.சி.யில் தொடரலாம், ஆனால் கல்லூரியில் ஆசிரியர் இருக்க வேண்டும். பல கல்லூரிகளில் இல்லை. மே மாதத்தில் போய்த் தெரிந்துகொண்டால், மதிப்பெண் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு சமஸ்கிருதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

பெற்றோர்

மறுநாள் ஞாயிறு காலை பத்து மணிக்கு, கல்லூரியில் வேண்டாம், பள்ளியிலேயே. கல்லூரி அரங்கில் சோபாவுக்கு எதிரே உட்கார்ந்தால் பெற்றோர் தலையாட்டுவார்கள். பழகிய பள்ளி வகுப்பறையில்தான் கேள்வி கேட்பார்கள். ஒரு மணி நேரம், தமிழிலும் கன்னடத்திலும்.

"ஆர்ட்ஸ் எடுத்தா என்ன சார் வேலை கிடைக்கும்?" என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். பொத்தாம்பொதுவாகப் பதில் சொன்னால் நம்பமாட்டார். நாகரபாவியில் இருக்கும் தேசிய சட்டப் பள்ளிக்குப் போக எந்தப் பிரிவிலும் 12ஆம் வகுப்பில் 45 சதவீதமும் கிளாட் என்ற சட்ட நுழைவுத்தேர்வும் போதும், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 40 சதவீதம் என்று சொல்ல வேண்டும். சி.ஏ. ஃபவுண்டேஷனுக்கு எந்தப் பிரிவும் தடையில்லை என்று சொல்ல வேண்டும்.

பணக் கேள்விகளுக்குத் தனியாகப் பத்து நிமிடம். நீட், ஜே.இ.இ. பயிற்சியைச் சேர்த்து நடத்தும் 'இன்டகிரேட்டட்' கல்லூரிக் கட்டணமும் அரசு பி.யூ. கல்லூரிக் கட்டணமும் ஏணி வைத்தாலும் எட்டாத தூரத்தில் இருப்பவை. இரண்டையும் ஒரே பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். மாநில உதவித்தொகைக்கு எஸ்.எஸ்.பி. தளத்தில் விண்ணப்பிக்கச் சாதி, வருமானச் சான்றின் ஆர்.டி. எண் வேண்டும்; அந்தச் சான்று நாட கச்சேரி என்ற வருவாய்த் துறை அலுவலகத்தில் வாங்குவது. மே மாத நெரிசலில் அலைவதைவிட டிசம்பரிலேயே காலாவதித் தேதியைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்று இங்கே இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது என்பதையும் மென்மையாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கர்நாடகப் பொது நுழைவுத்தேர்வான கே.சி.இ.டி.யில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குப் பெரும்பாலோர் வரும் வழி, ஒன்றாம் வகுப்பில் இருந்து இரண்டாம் பி.யூ. வரை கர்நாடகத்தில் குறைந்தது ஏழு ஆண்டு படித்திருப்பது. வேறு பிரிவுகளும் உண்டு. ஓசூரில் பத்தாவது வரை படித்துவிட்டு இங்கே பி.யூ.சி. சேர நினைக்கும் உறவுக்காரப் பிள்ளைகளின் பெற்றோர் இதை முதலில் விசாரிக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளுக்குத் தூரம் ஒரு தடை. 2023 ஜூன் முதல் சக்தி திட்டத்தில் கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்குச் சாதாரண பி.எம்.டி.சி. பேருந்தில் கட்டணமில்லை. செலவு என்ற காரணம் அதோடு போயிற்று. நேரமும் பாதுகாப்பும் மிச்சம். அதற்குப் பேருந்து எண்ணும் கடைசி வகுப்பு முடியும் நேரமும் தாளில் எழுதித் தருவதுதான் வழி.

எங்கே கெடுகிறது

முதலாவது, மேடை. முதல்வர் உரை, தாளாளர் உரை, குத்துவிளக்கு, சால்வை என்று ஆரம்பித்தால் முதல் அமர்வு காணாமல் போகும், நான்கு மூன்றாகும். இரண்டாவது, சேர்க்கை மேசை. கல்லூரி தன் செலவில் அறுபது பேரை அழைத்துச் சோறு போடும்போது, வாசலில் விண்ணப்பம் வைக்கத்தான் நினைக்கும். அன்றைக்கு அது கூடாது என்று கடிதத்திலேயே எழுதி வாங்க வேண்டும். விற்பனை தொடங்கிய அறையில், இந்தப் பாடம் யாருக்கு ஒத்துவராது என்று எந்த விரிவுரையாளரும் வாய்திறக்கமாட்டார். மாணவர் தெரிந்துகொள்ள வேண்டியதோ அதைத்தான். பிடித்ததைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போதாது. ஒவ்வாததைக் கண்டுபிடிக்க 45 நிமிடம் போதும்.

மூன்றாவது சிக்கல் நல்ல ஆசிரியரால் வருவது. நகைச்சுவையாகப் பேசும் ஒருவர் அமர்வை எடுத்தால் அந்த அறைக்கு வந்த எல்லோரும் அந்தப் பாடத்தை எழுதிவிட்டுப் போவார்கள். சேர்ந்த பின் அவர் இன்னொரு செக்‌ஷனுக்குப் பாடம் எடுப்பார். பேச்சு பத்து நிமிடம், வேலை முப்பத்தைந்து நிமிடம் என்று வரையறுத்துவிட்டால் ஆள் கவர்ச்சி குறைந்து பாடம் முன்னே வரும்.

பயன் இருந்ததா என்று எப்படி அறிவது

அன்று மாலை கருத்துப் படிவம் கொடுப்பது வீண். எலுமிச்சைச் சாதமும் ஒருநாள் விடுதலையும் கிடைத்த மகிழ்ச்சியில் எல்லோரும் 'சூப்பர்' என்றுதான் எழுதுவார்கள். ஒரே அரைப்பக்கப் படிவத்தை இருமுறை நிரப்பச் சொல்ல வேண்டும்: நாளுக்கு ஒரு வாரம் முன்பு, நாளுக்கு ஒரு வாரம் பின்பு. கேட்பது மூன்றே: முதல் இரண்டு விருப்பம், நிச்சயமாக வேண்டாம் என்ற ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம்.

இரண்டு தாளையும் சேர்த்துப் பின் குத்தி வகுப்பாசிரியர் படிக்க வேண்டும். எத்தனை பேர் மாறினார்கள் என்ற கணக்கு பெரிதாகத் தேவையில்லை. மாறாமல் இருப்பவர்கூட இப்போது தெரிந்தே இருக்கலாம். பார்க்க வேண்டியது காரண வரியை. முன்பு 'அண்ணன் இதுதான் எடுத்தான்', 'நல்ல ஸ்கோப்' என்று இருந்தது, பின்பு 'ரெக்கார்டு எழுதப் பொறுமை இருக்கு', 'தப்பைத் தேடுறது பிடிச்சிருந்தது', 'பேர் எல்லாம் மனசுல நிக்கல' என்று பாடத்தின் வேலையைப் பற்றிப் பேசினால் அந்த நாள் பலித்தது. 'வேண்டாம்' கட்டம் முதல் தாளில் காலியாக இருந்து இரண்டாவதில் நிரம்பியிருந்தால் இன்னும் நல்லது. இரண்டு தாளிலும் அதே நான்கு எழுத்து, அதே காரணம், அதே கையெழுத்தில் அப்பாவின் மொழி தெரிந்தால், அந்த வீட்டோடு வகுப்பாசிரியர் தனியாகப் பேச வேண்டும்.

மாறியவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் தேவை. ஒரு அமர்வில் வெர்னியர் கைவரவில்லை என்பதற்காக இயற்பியலை விட்டுவிட்டேன் என்று எழுதுபவர், கருவி பழகாததையும் பாடம் ஒவ்வாததையும் குழப்பிக்கொண்டிருக்கலாம். அவரை டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, அதே அறைக்கு, இரண்டு மணி நேரம் தனியாக அனுப்பிப் பார்ப்பது உசிதம்.

தாள்கள் மே மாதம் வரை பள்ளி பீரோவில் இருக்கட்டும். முடிவு வந்த மறுநாள் காலை பள்ளியில் இரண்டு மணி நேரம் ஒரு மேசை போட வேண்டும்: வகுப்பாசிரியர் ஒருவர், படிவக் கட்டு, வட்டாரக் கல்லூரிகளின் காம்பினேஷன் பட்டியல், எந்தெந்தக் கல்லூரியில் தமிழ் இருக்கிறது என்ற பட்டியல், விண்ணப்பக் கடைசித் தேதிகள். மதிப்பெண் நினைத்ததைவிடக் குறைந்தவர்களை முதலில் அழைக்க வேண்டும், ஏனென்றால் அன்று மதியத்துக்குள் யாராவது ஒரு மாமா அவர்களுக்காக முடிவெடுத்துவிடுவார்.